இருபத்தஞ்சு குடுக்கும் கார்

கார் வாங்கிய நாளிலிருந்து ராஜரத்தினத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். காரோடு கொடுத்த புத்தகத்தில் லிட்டருக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தது. அவருக்கு அது பதினாறுதான் கொடுத்தது. சில வாரம் பதினஞ்சரை. சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றும் கேட்காமலே ஏறுகிற ஐம்பத்திரண்டு வயதில், ஏற வேண்டிய ஒரே நம்பர் மட்டும் ஏற மாட்டேன் என்கிறதே என்று மனிதர் உருகிப்போனார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுப்போடத் துணி அனுப்பியவருக்குத் தன் மனக்காயத்தைக் கட்ட ஒரு முழம் கிடைக்கவில்லை.

போதாததற்குப் பக்கத்து வீட்டு பக்கீர் முகமது. பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். அதே கம்பெனி கார், அதே மாடல், அதே வெள்ளை. தினம் காலையில் காரைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இருபத்திரெண்டு குடுக்குது அண்ணாச்சி" என்பார். ஏதோ பிள்ளை பரீட்சையில் வாங்கின மார்க் மாதிரி.

ராஜரத்தினம் களத்தில் இறங்கினார். கனம் குறைந்தால் மைலேஜ் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னான். காரிலிருந்து மிதியடி போனது. குடை போனது. பின்சீட்டுத் தலையணை போனது. ஜாக்கியும் போனது.

"ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இல்ல" என்றாள் மனைவி அழகுத்தாய். "பஞ்சரானா நீங்க காரத் தூக்கிப் பிடிப்பீகளா?"

"பஞ்சராகாம ஓட்டத் தெரியும் எனக்கு."

அடுத்தது ஏசி. சித்திரை வெயிலில் அதற்குத் தடை. சரி, கண்ணாடியை இறக்கலாம் என்று அழகுத்தாய் கை வைத்தால், அதற்கும் தடை. காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்குமாம். கம்பெனி நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் இறங்கினபோது இருவரும் கொப்பரையிலிருந்து எடுத்த இட்லி மாதிரி ஆவி பறக்க நின்றார்கள். பன்னீர் தெளிக்கிற பெண் இவர்களைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெளித்தாகிவிட்டது என்று நினைத்து அடுத்தவரிடம் போய்விட்டாள்.

அழகுத்தாயிடம் டிரைவிங் லைசென்ஸ் உண்டு. பதினோரு வருஷமாகப் பட்டுச் சேலைக்கு அடியில் அது பீரோவில் தூங்குகிறது. சாவியைக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "நீ கிளட்சுலருந்து கால எடுக்காம ஹாஃப் கிளட்சுலயே ஓட்டுவ. மைலேஜ் செத்துப்போயிரும்." ராஜரத்தினத்தைப் பொறுத்தவரை மைலேஜ் என்பது வீட்டில் இருக்கிற நோயாளி. பொம்பளைக் கை பட்டால் ஜன்னி கண்டுவிடும்.

அந்தச் சனிக்கிழமை பக்கீர் முகமது துடைப்பதை நிறுத்திவிட்டு, "நேத்து இருபத்திரெண்டரை அண்ணாச்சி" என்றதுதான் தாமதம், ராஜரத்தினம் பனியனோடு தெருவில் இறங்கிவிட்டார்.

"பாய், நாளைக்கு ரெண்டு குடும்பமும் பிளவக்கல் அணைக்குப் போறோம்ல. போறப்ப ரெண்டு வண்டிக்கும் டேங்க் ரொப்புவோம். திரும்பி வந்து அதே பங்க்ல மறுபடி ரொப்புவோம். எம்புட்டு உள்ள போகுதோ அம்புட்டும் வண்டி குடிச்சது. கிலோமீட்டர வகுத்தா யாரு வண்டி ஒசத்தின்னு தெரிஞ்சிரும்."

"ஒங்களுக்கு எம்புட்டு வரும்கீக?"

"இருபத்தஞ்சு."

"வரலைன்னா?"

"வரலைன்னா அன்னைக்கே கார் சாவிய அழகுத்தாய் கையில குடுத்துட்டுப் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிடுறேன். போதுமா?"

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கீர் முகமதுவின் மனைவி அசீனா, வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள். "அண்ணே, தெருவே கேட்டுக்கிட்டிருக்கு."

"கேக்கட்டும்மா."

உள்ளே அழகுத்தாய் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜரத்தினம் பட்டினி. ஐந்து தோசை உள்ளே போனால் அதன் கனத்தையும் வண்டிதானே சுமக்க வேண்டும். ஸ்டீல் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டார். பங்க்கில் டேங்கை ரொப்பி, மைலேஜ் காட்டுகிற மீட்டரை ஜீரோவாக்கி, "ரெண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரே வண்டியில இருந்தாத்தான் ஒத்துமை" என்று ஒரு தத்துவம் சொல்லி, அசீனாவின் பிரியாணி அண்டா, அழகுத்தாயின் புளியோதரைத் தூக்கு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் பாய் வண்டியில் ஏற்றினார். கடைசியில் மனைவியின் கைப்பையையும் வாங்கினார்.

"இதுல என்னட்டி இம்புட்டு கனம்?"

"ஒங்க மாத்திரை."

புறப்பட்டார்கள். முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகம். கியர் மட்டும் நாலாவது. வண்டி இழுக்க முடியாமல் உறுமியது. ரெண்டு கட்டு சோளத்தட்டை ஏற்றின ஒரு மொபெட் அவர்களை முந்தியது. முந்தினவன் திரும்பிப் பார்த்து, ஏதும் உதவி வேணுமா என்று சைகையில் கேட்டான்.

"ஏங்க, பொறத்தால பஸ்ஸு, லாரி எல்லாம் வரிசையா நிக்கி."

"நிக்கட்டும். மீட்டர் இருபத்திரெண்டு காட்டுது. காலு வச்சா கொறையும்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒரு திருப்பத்தில் அவர் பிரேக்கை மிதிக்க மனமில்லாமல், ஆக்சிலேட்டரையும் மிதிக்க மனமில்லாமல், காரை அதன் போக்கில் உருள விட்டார்.

"இந்த ஊருத் தேரு இதவிட வெரசாத் திரும்பும்" என்றாள் அழகுத்தாய்.

"அதுக்குப் பெட்ரோல் செலவு கெடையாதுட்டி. இழுக்க ஆயிரம் பேரு இருக்காக."

சொல்லும்போதே அவர் குரலில் பொறாமை தெரிந்தது.

வத்திராயிருப்பு தாண்டியதும் மலை நெருங்கியது. ரோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அணைக்கட்டில் வண்டியை நிறுத்தியபோது நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. மீட்டரில் இருபத்தொன்றரை. இத்தனை பத்தியத்துக்கும் மனமிரங்கி அவ்வளவு கொடுத்திருந்தது.

துக்கம் வந்தால் ராஜரத்தினத்துக்குப் பசிக்கும். காலைப் பட்டினி வேறு. பிரியாணி மூன்று தட்டு போனது. அதற்கு மேல் புளியோதரை. பாயும் அசீனாவும் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் செல்போனில் வகுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"திரும்பிப் போற வழியில முப்பது குடுத்தாத்தான் மொத்தத்துல இருபத்தஞ்சு வரும், அழகு."

அவர் அழகு என்று கூப்பிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அழகுத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எம்புட்டு கனம் இருப்பீக?"

"தொண்ணூத்திரெண்டு."

அவள் காலித் தட்டைப் பார்த்தாள்.

"சரி, தொண்ணூத்தஞ்சு வச்சுக்கோ."

"நான் அம்பத்தாறு. மிதியடிய எடுத்தீக, கொடைய எடுத்தீக, ஜாக்கிய எடுத்தீக. வண்டியிலயே பெரிய சாமான் எதுன்னு யோசிச்சீகளா?"

ராஜரத்தினம் திரும்பி டிக்கியைப் பார்த்தார்.

"டிக்கியில இல்ல."

செத்த நேரம் கழித்துத்தான் அவருக்கு விளங்கியது. "நான் எறங்கிட்டா வண்டிய யாருட்டி ஓட்டுறது?"

"அத நான் எப்படிச் சொல்ல. நானோ ஹாஃப் கிளட்ச் ஆளு." அழகுத்தாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பாய் அண்ணன் வண்டியில ஏறுனா, அவிய வண்டிக்கு வேற தொண்ணூத்தஞ்சு கிலோ கூடும். பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்லில் ராஜரத்தினத்தின் முகம் ட்யூப்லைட் மாதிரி ரெண்டு தடவை மினுக்கி, பிறகு எரிந்தது. ஒரே மனிதன். தன் வண்டியிலிருந்து இறங்கினால் தன் மைலேஜ் கூடும். எதிரி வண்டியில் ஏறினால் எதிரி மைலேஜ் குறையும். இப்படி ஒரு யுக்தி எந்த வீடியோவிலும் இல்லை. தன் உடம்பு இவ்வளவு பெரிய ஆயுதம் என்று இதுவரை தெரியாமல் டாக்டர் பேச்சைக் கேட்டு நடைப்பயிற்சி எல்லாம் போனோமே என்று வருந்தினார்.

சாவியை அவரே எடுத்து அவள் கையில் வைத்தார். "அம்பதுக்கு மேல போகாத."

"சரிங்க."

"ஏசி போடாத."

"சரிங்க."

அணையைத் திறந்துவிட்டால் தண்ணீர் யாரும் ஓட்டாமலே கீழே இறங்கிப் போகிறது. வரும்போது ஏற்றமாக இருந்த ரோடு திரும்பும்போது எப்படி இருக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ராஜரத்தினத்தை யாரும் கேட்கவில்லை.

"பாய், ஒங்களோட பேசிக்கிட்டே வரணும்போல இருக்கு" என்றார்.

"தாராளமா ஏறுங்க அண்ணாச்சி."

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பாய் வண்டி ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. ராஜரத்தினத்துக்கு அதுவே இனித்தது. முன்னால் வெள்ளைக் கார் அலுங்காமல் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. இங்கே ஏசி ஜில்லென்று வீசியது. "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க பாய், வேர்க்குது" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரெண்டு கிலோ பால்கோவாவும் பதினோரு கிலோவில் ஒரு தர்ப்பூசணியும் வாங்கி ஏற்றினார். கடைக்காரர் சின்னதாக ஒன்று காட்டியபோது, "ருசி முக்கியமில்ல, கனந்தான் முக்கியம்" என்றதைக் கேட்டு அந்த ஆள் இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

தர்ப்பூசணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "நல்லாத்தான் ஓட்டுறா, என்ன பாய்? ஹாஃப் கிளட்ச் எதுவும் தெரியல."

அசீனா முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "அக்கா நாலு மாசமா எங்க கார்லதான ஓட்டுது. நீங்க கம்பெனிக்குப் போன பொறவு நாங்க ரெண்டு பேரும் தளவாய்புரம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"எனக்கு மைலேஜ் கூடுனதே அதுக்குப் பொறவுதான் அண்ணாச்சி" என்றார் பக்கீர் முகமது, ரோட்டைப் பார்த்தபடி. "அதுக்கு முன்னால எனக்கும் பதினாறுதான்."

ராஜரத்தினம் தர்ப்பூசணியை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆனால் பங்க்குக்கு வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போனது. அழகுத்தாயின் வண்டி முன்னாலேயே வந்து நின்றிருந்தது. மொத்தம் எண்பத்துநாலு கிலோமீட்டர். டேங்க் நிரம்ப மூன்று புள்ளி மூன்று ஐந்து லிட்டர் பிடித்தது. செல்போனில் ஒரு தடவை வகுத்தார். பங்க் பையனின் கால்குலேட்டரை வாங்கி ஒரு தடவை வகுத்தார். ரசீதின் முதுகில் கையால் ஒரு தடவை வகுத்தார். மூன்று தடவையும் இருபத்தஞ்சு புள்ளி பூஜ்யம் ஏழு.

பாய் வண்டிக்கு இருபதுகூட வரவில்லை.

"ஜெயிச்சாச்சு பாய்" என்று பக்கீர் முகமதுவைக் கட்டிப்பிடித்தார். தெருவில் நாலு பேருக்கு அங்கிருந்தே போன் போட்டார். காரைப் பார்க்க வரச் சொன்னார். பிறகு வெற்றி பெற்ற கையை மனைவி முன்னால் நீட்டினார்.

அழகுத்தாய் மறுபேச்சு பேசாமல் சாவியை வைத்தாள். "பந்தயம்னா பந்தயந்தான். நீங்களே ஓட்டுங்க. மீட்டர மட்டும் அழிச்சிராதீக. எல்லாரும் வந்து பாப்பாக."

டிரைவர் சீட்டில் ஏறினார். அவள் முன்னால் தள்ளி வைத்திருந்த சீட்டில் வயிறு ஸ்டீயரிங்கில் முட்டியது. சீட்டைத் தள்ளி, ஸ்டார்ட் செய்து, நாலாவது கியரைப் போட்டு, முப்பத்தஞ்சில் புறப்பட்டார். பஜார் திரும்புவதற்குள் மீட்டர் இருபத்தஞ்சுக்கு வந்தது. சந்தையைத் தாண்டும்போது இருபத்துநாலு புள்ளி ஒன்பது.

ராஜரத்தினத்துக்கு வேர்த்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். புள்ளி எட்டு. கியரைக் குறைத்தார். புள்ளி ஏழு. தெருவில் ஆட்கள் கூடியிருப்பார்கள்.

"இத மறுபடி இருபத்தஞ்சாக்க முடியுமா?"

"ஊரச் சுத்தி பைபாஸ்ல செத்த தூரம் போயிட்டு வந்தா முடியும்" என்றாள் அழகுத்தாய். "நீங்க ஓட்டுங்க, நான் சொல்லுதேன்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினார். அவள் டிரைவர் சீட்டுக்குப் போய் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"நீங்க ஏறலையா?"

"வேண்டாம். போற வழியில பாலத்து ஏத்தம் இருக்கு" என்றார் ராஜரத்தினம், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு. "நீ போ. நான் நடந்தே வாரேன்."

இப்போதும் தினம் காலையில் கம்பெனிக்குப் போக நிற்கிற ராஜரத்தினத்திடம் யாராவது, "அண்ணாச்சி, ஒங்க கார் எம்புட்டு குடுக்குது?" என்று கேட்டால், "அசராம இருபத்தஞ்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் டவுன்பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறார்.