டிராகனுக்குத் தடையின்மைச் சான்று

கற்பனை பொதுமக்களின் நலனைப் பாதிக்கக்கூடியது என்பதால், அதைத் தூண்டும் நூல்கள் எவை என்பதை இனி மேலிடமே முடிவு செய்யும் என்று நூலகத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது.

அதைப் படித்ததும் கிளை நூலகத்தின் நூலகர் அம்மா தன் விளையாட்டு மேசையைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் அவர் ஒரு மேசையைப் போட்டு விளையாட்டு நடத்தி வந்தார். அவர் கதை சொல்லச் சொல்ல, வந்தவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் மாறி அதற்குள் நுழைவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். அவர்களுக்குக் கற்பனை ஊற வேண்டுமே என்று, பூதமும் சாபமும் பறக்கும் தீவும் நிறைந்த புத்தகங்களை ஓர் அலமாரியில் அடுக்கி, ‘விளையாடும் முன் படியுங்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். தூங்கி வழிந்த நூலகத்துக்கு அந்த மேசையால்தான் ஆள் வந்தது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் அலமாரிக்குப் பூட்டு, மேசை கிடங்குக்கு.

ஆய்வு செய்யத் துணை இயக்குநர் வந்தார்.

“எந்தப் புத்தகத்த எடுத்துத் தரட்டும் சார்?”

“பரிந்துரைக்கப்படாத புத்தகத்த ஒரு அதிகாரி படிக்கலாமாம்மா?”

“நீங்க படிச்சாத்தானே சார் பரிந்துரைக்க முடியும்?”

“பரிந்துரைச்சதும் படிச்சிடுறேன். இப்ப நேரா விளையாடிப் பாத்துடுவோம்.”

“ஒண்ணும் படிக்காம விளையாட்டு வராதே சார்.”

“யாரு சொன்னது? அலுவலக நடைமுறை விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.”

மேசையில் வழக்கமாக வாள்வீரனாக விளையாடும் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் நகர்ந்து இடம் விட்டார். நூலகர் அம்மா குரலைத் தாழ்த்திக் கதையைத் தொடங்கினார். இருண்ட குகை. உள்ளே ஊரையே எரித்த டிராகன். அது வாயைத் திறக்கிறது. என்ன செய்கிறீர்கள்?

“நிறுத்தச் சொல்லுங்க,” என்றார் துணை இயக்குநர். “தீ கக்குறதுக்குத் தீயணைப்புத் துறையோட தடையின்மைச் சான்று இருக்கா?”

நூலகர் அம்மா திகைத்தார். ஆனால் விளையாட்டின் நியதி நியதிதான். பகடையை உருட்டினார். அதிகாரி பக்கமே விழுந்தது.

“இல்லைங்க ஐயா,” என்றது டிராகன், நூலகர் அம்மாவின் குரலில்.

“வாய மூடிட்டுப் போய் வாங்கிட்டு வா. குகைக்கு வரி கட்டின ரசீதும் வேணும்.”

டிராகன் வாலைச் சுருட்டிக்கொண்டு போனது. மாலைக்குள் நாலைந்து முறை வந்து திரும்பியது. கதைக்குள் ஆண்டுகள் ஓடின. கடைசியில் நெருப்பு வற்றி, மூப்பால் சான்று வாங்கும் வரிசையிலேயே இறந்தது. ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை. மேசையைச் சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட மறந்திருந்தார்கள்.

ஒப்புதல் உடனே வந்தது. கற்பனையைத் தூண்டும் ஒரே நூலாக ‘அலுவலக நடைமுறை விதிகள்’ பரிந்துரைக்கப்பட்டது. அலமாரி பூட்டப்பட்டது, மேசை பிழைத்தது.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் நிற்க இடமில்லை. வாளைத் தொடுவார் இல்லை. எல்லாருக்கும் அதிகாரி நாற்காலிதான் வேண்டும். ஒருவர் அதில் உட்கார, மற்றவர்கள் டிராகன்களாக வரிசையில் நின்றார்கள்.

“அண்ணா, உங்க ஓய்வூதியக் கோப்பத் தேடி நீங்களே நடையா நடக்குறீங்க. உங்களுக்குமா இந்த ஆசை?” என்று நூலகர் அம்மா ஓட்டுநரைக் கேட்டார்.

“அதனாலதாம்மா கேக்குறேன். ஒரே ஒரு தடவ, யாரையாவது நாளைக்கு வான்னு சொல்லிப் பாத்துடுறேன்.”

பத்து பேரிடம் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

நூலகர் அம்மாவுக்கு மனம் கசந்தது. இந்தக் கூத்தை இன்றோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்து, தானே நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த டிராகன் வந்தாலும் மறுகேள்வி இல்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும்.

ஓட்டுநர்தான் இப்போது டிராகன். கைகட்டி, முதுகு வளைந்து வந்து நின்றார். “எல்லாத் தாளும் சரியா இருக்கும்மா.”

சரியாகத்தான் இருந்தது. நூலகர் அம்மா பேனாவைத் திறந்தார். வரிசை முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது. நெஞ்சுக்குள் ஏதோ இதமாகப் பரவியது. பேனாவை மூடினார்.

“இன்னொரு நகல் எடுத்துட்டு வாங்க,” என்றார். “திங்கக்கெழம.”