அஞ்சு வெற்றிலை பார்டர்

தறியிலிருந்து இறங்கிய பட்டுப்புடவையை முதலாளி பச்சையப்பன் விரித்ததும் டிசைனர் இளஞ்செழியன் ஓரடி பின்வாங்கினான். பார்டர் முழுக்க ஆட்டின், இஸ்பேட், கிளாவர், டைமண்ட். சாட்சாத் சீட்டுக்கட்டு.

தீபாவளிக்கு பெங்களூரு மச்சான்கள் போக்கர் ஆடுவார்கள். போன வருஷம் இவன் முழித்த முழியை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். இந்த வருஷமாவது மானத்தைக் காப்பாற்ற யூடியூபில் பாடம் கேட்டான். கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரையாவிட்டால் எதுவும் அவன் மண்டையில் ஏறாது. நாலு இனத்தையும் வரைந்தான், கீழே ஃப்ளஷ் என்று அஞ்சு சீட்டு வரைந்தான். அந்தத் தாள் தவறுதலாக டிசைன் கட்டோடு தறிக்குப் போய்விட்டது.

சீட்டாடினார் என்று போன மாதம்தான் ஒரு நெசவாளரை பச்சையப்பன் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

"இன்னாப்பா இது?"

"அ... அரசிலைங்க மொதலாளி. இது வெத்தல. மூணு இலையா இருக்கறது வில்வம்."

"இந்த டைமண்டு?"

"பொண்ணுக்குப் போடற வைரத்தோடுங்க."

பச்சையப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கீழ வரிசையா அஞ்சு வெத்தல நிக்குதே?"

"பஞ்சபூதம்ங்க!"

"அடடே! அப்ப வெள்ளிக்கிழம அம்மனுக்கே சாத்திடலாம். குருக்கள் முன்னாடி நீயே வெளக்கம் சொல்லிடு."

அம்மனுக்குச் சீட்டுக்கட்டா! சாமி குத்தம் வேறு சேர்ந்துகொள்ளுமே.

"வேணாங்க... பார்டர் இன்னும் சரியா வரல."

"அப்டியா? சரியா வர்ற வரைக்கும் இன்னும் பத்து நெய்யச் சொல்றேன்."

இளஞ்செழியன், ஜெக்கார்டு தறிக்கு டிசைனை அட்டையில் துளையாக அடிக்கிற தருமனிடம் ஓடினான்.

"தருமா, அந்த அட்டைங்கள ஜல்தி எரிச்சிடு! அது சீட்டாட்டம்டா. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் பொழப்பே போயிடும்!"

தருமன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நீ நாலு வெத்தல, ஒரு அரசிலதான் வரைஞ்சிருந்தண்ணே. மொதலாளிதான் பக்கத்துல குந்திகினு, 'ஃப்ளஷ்னா அஞ்சும் ஒரே இனமா இருக்கணும், இந்தப் பையன் இன்னும் சரியாவே கத்துக்கல'ன்னு திருத்திக் குடுத்தாரு."