நீலரேகா நீட்டிய பால் தம்ளர்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். (பள்ளிக்கூடமும் சந்தோஷமாகப் பதில் கும்பிடு போட்டது.) ஆனாலும் புத்தகக் கிறுக்கு மட்டும் என்னை விடவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் குறட்டை விடுவார்கள்; நான் நாவல் படிப்பேன். அதுவும் ஒரே ஒரு எழுத்தாளர்தான். அவருடைய புதுப் புத்தகம் வந்துவிட்டதாகக் காதில் விழுந்தால் போதும், ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் கடை வாசலில் நிற்பேன். கடைக்காரர் இன்னும் கட்டைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய பழைய நாவல் ஒன்று. பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. முன்னட்டை இல்லை, பின்னட்டை இல்லை, உள்ளே அவர் பேர் மட்டும் இருந்தது. கதாநாயகி நீலரேகா. ரெண்டு புருஷனையும் காய்ச்சலில் பறிகொடுத்தவள். பாவம், ராசியில்லாத பெண். கடைசிப் பக்கத்தில் மூணாவது புருஷனிடம் பால் தம்ளரை நீட்டி, "முழுசும் குடிச்சிருங்க" என்று சிரிப்பாள். அதோடு கதை முடிந்தது. மில் வாசல் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். என்ன பாசம்!

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். மனைவி பேச்சியம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவள் வேறென்ன பேர் சொல்வாள்?

"ஏங்க, ஆண்டாள விட ஒசந்த பேரு எங்க இருக்கு?"

"நீலரேகா புருஷனத் தாங்குத தாங்கு ஒனக்குத் தெரியாது பேச்சி. அவள மாதிரி பொம்பள ஒலகத்துலயே கிடையாது."

ரெண்டு மாசம் பேச்சி பேச்சை நிறுத்தினாள். ஆனாலும் ஜெயித்தது நான்தான்.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது அந்த எழுத்தாளரே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் ஒரு மண்டபத்தில் புதுப் புத்தக வெளியீடு. மனைவி, மகள், ஒரு கிலோ பால்கோவா சகிதம் போனேன். புத்தகம் வாங்கிக் கையெழுத்து வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஊரே நின்றது.

"ஐயா, ஒங்க நாவலப் படிச்சுத்தான் எம்மவளுக்குப் பேரே வச்சேன்!" (தேவையில்லாத சத்தம்.)

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! உன் பேர் என்னம்மா?"

"நீலரேகா."

பேனா நின்றது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?"

"எம்புட்டுத் தடவ! 'முழுசும் குடிச்சிருங்க'ன்னு சிரிப்பாள்லா?"

"ஆமா. அதுக்கு அடுத்த பக்கம்?"

"அடுத்த பக்கமா?"

"அவன் செத்துருவான். பால்ல விஷம். முதல் ரெண்டு பேரும் அப்படித்தான் போனாங்க."

"காய்ச்சல்னுல்லா நெனச்சேன்!"

"போலீஸும் அப்படித்தான் நெனச்சுது."

வரிசை மொத்தமும் சிரித்தது. அதையும் மீறிக் கேட்டது பேச்சியின் குரல்: "படிச்சு படிச்சு சொன்னேன்லா, ஆண்டாள்னு வைப்போம்னு!"

எனக்கு மகள் முகத்தைப் பார்க்கப் பயம். பிள்ளைக்கு ஒரு கொலைகாரியின் பேரை வைத்து, பதினாலு வருஷம் பெருமையும் பட்டிருக்கிறேனே! பேச்சை மாற்ற, "ஐயாவுக்குப் பால்கோவாவக் குடு தாயி" என்றேன். அவள் டப்பாவைப் பணிவாக ரெண்டு கையாலும் நீட்டினாள்.

"முழுசும் சாப்பிட்டிருங்க."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேஜையில் விழுந்தது. "முதல்ல உங்க அப்பா சாப்பிடட்டும்மா" என்றார். அம்புட்டுப் பேர் முன்னால் ஒரு விள்ளல் தின்று, உயிரோடு நின்று காட்டினேன். பொறவுதான் கையெழுத்து விழுந்தது: 'நீலரேகாவின் தைரியசாலி அப்பாவுக்கு.'

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "பேர மாத்திருவமா தாயி?"

புதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வேண்டாம்ப்பா. வரப்போற மாப்பிள்ளைக்கு ஒரு பயம் இருக்கட்டும்."

இருந்தது. போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேச்சி இந்தக் கதையை ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து மகள் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாமா, மொதல்ல நீங்க."

கல்யாணம் ஆகிவிட்டது. இப்போதும் ரெண்டு வீட்டிலும் காபி போட்டால் முதல் தம்ளர் எனக்குத்தான். மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன்.