ஆயிரத்தொன்றாம் முன்னுரிமை

பொம்மசந்திராவில் பம்ப் செட் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் இருந்த வருகைப்பதிவுக் கணினி, மூன்று வருடமாக ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. அதன்மேல் நடவடிக்கை எடுக்க இதுவே போதுமானதாக இருந்தது.

ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த ஜெனரல் மேனேஜர் ஸ்ரீஹர்ஷா, கணினிகளைக் கவனிக்கும் தாரணியைக் கூப்பிட்டார். தாரணிக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்தான்.

"ஏனு தாரணி, நம்ம லினக்ஸ்ல எல்லாம் பழைய வெர்ஷனாமே? வெளிய சொன்னா மானம் போகுது."

"அது ஸ்டேபிள் சார். பழசு, ஆனா விழாது. புதுசு வேணும்னா அன்ஸ்டேபிள்ல இருந்து எடுக்கணும். அது எப்ப விழும்னு சொல்ல முடியாது."

"ஆயித்து, சரி, புதுசாவும் இருக்கட்டும், விழாமலும் இருக்கட்டும்."

"ரெண்டையும் கலந்தா வம்பு சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. எந்த மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று ஒரு கோப்பில் முன்னுரிமை எண் எழுதிவைத்தால், எண் பெரிதாக உள்ள இடத்திலிருந்து கணினி எடுத்துக்கொள்ளும் என்றாள். ஐநூறு சாதாரணம். ஆயிரத்தைத் தாண்டினால் மறுபேச்சே கிடையாது.

ஸ்ரீஹர்ஷா அப்படியே எழுதச் சொன்னார். யாருக்கு எந்த எண் என்ற விஷயம் மதியச் சாப்பாட்டுக்குள் பரவிவிட்டது. மனிதவளத் துறைத் தலைவர் சுந்தரமூர்த்தி நேரிலேயே வந்தார்.

"ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேருக்குத் தொள்ளாயிரமாமே. மனுஷங்களப் பாக்குற டிபார்ட்மென்ட், எங்களுக்கு ஐநூறா?"

"சார், அது கம்ப்யூட்டருக்குப் போடற நம்பர். மரியாதைக்கு இல்ல."

"மரியாதைக்கு இல்லன்னா பெருசாவே போடுங்களேன். உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

துறைத் தலைவர்கள் குழு கூடியது. 'மேற்படி பொருள் குறித்து எவர் மனமும் புண்படாவண்ணம்' எல்லாத் துறைக்கும், மென்பொருள் எடுக்கும் எல்லா இடத்துக்கும் ஆயிரத்தொன்று என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எல்லாம் சமமானால் இருப்பதிலேயே புதியதைத்தான் கணினி பிடித்துக்கொள்ளும், அதாவது அன்ஸ்டேபிளை, என்று தாரணி எழுதிக் கொடுத்தாள். கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு அத்தாட்சி கிடைத்தது.

மறுநாள் அந்த எண்களைப் போட்டதும் கணினி, நூற்று நாற்பத்து மூன்று மென்பொருள்களை நீக்கப் போவதாகவும், வருகைப்பதிவும் அதில் ஒன்று என்றும் அறிவித்தது. சம்மதமானால் 'ஆமாம், நான் சொல்கிறபடி செய்' என்று முழு வாக்கியமாக அடிக்க வேண்டுமாம்.

"யார் சார் அடிக்கறது?"

ஸ்ரீஹர்ஷா சுந்தரமூர்த்தியைப் பார்த்தார். சுந்தரமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்.

"நீயே அடிம்மா. நாங்க சொன்னபடிதானே செய்யற," என்றார் ஸ்ரீஹர்ஷா.

தாரணி பயந்துகொண்டேதான் அடித்தாள்.

அடுத்த நாள் காலை வாசலில் எழுநூறு பேர் நின்றார்கள். முன்னால் நின்ற யசோதா, மோட்டாருக்குக் காயில் சுற்றுபவள், கத்தினாள்.

"இன்னா மேடம் இது, வெரல வெச்சா யாருன்னு கேக்குது? பன்னெண்டு வருஷமா வரேன், என்னையே தெரிலியாம்!"

தாரணிக்கு அழுகை வந்துவிட்டது. சரிசெய்வது ஒன்றும் கடினமில்லை. எல்லாரும் எண்ணைக் குறைத்துக்கொண்டால், ஸ்டேபிளுக்கே திரும்பிவிடலாம். குறைத்துக்கொள்ளத்தான் ஒரு துறையும் முன்வரவில்லை.

குழு மீண்டும் கூடியது. கணினியை அப்படியே விட்டுவிட்டு, காவலாளி நோட்டில் வருகை எழுதுவது என்று முடிவானது. வாசலில் தள்ளுமுள்ளு வராமலிருக்க, ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னுரிமை எண். பெரிய எண் முதலில், அந்த வரிசைப்படிதான் உள்ளே விடுவார்கள்.

ஒன்பதாம் நாள் தாரணிக்கு உத்தரவு வந்தது. 'கடமை தவறாது தட்டச்சு செய்தமைக்காக' அவள் நிரந்தரமாக்கப்பட்டிருந்தாள். அடியில் எண்: ஐநூறு. பக்கத்து மேஜை தருணுக்கு அறுநூறு. அவனுக்கு அந்த முன்னுரிமைக் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

தாரணி, இந்த எண்ணின் பொருள் தெரிந்த ஒரே ஆள் என்ற முறையில் தனக்கு ஆயிரத்தொன்று வழங்குமாறு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனாள். சுந்தரமூர்த்தி அறை வாசலில் பெரிய வரிசை. அவளுக்கு நேர் முன்னால் யசோதா.

"நானு ஆயிரத்து ரெண்டு கேட்டுக்கீறேன் மேடம்," என்றாள்.

தாரணி பேனாவைத் திறந்து, தன் மனுவில் இருந்த எண்ணை அடித்துவிட்டு, ஆயிரத்து மூன்று என்று எழுதினாள்.