உன் நாவலில் நான் பிறக்கவே இல்லை

அன்புத் தங்கை ரூபினிக்கு,

ஜார்ஜ்டவுனிலிருந்து அக்கா சந்திரிகா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். சிம்பாங் அம்பாட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வாட்சாப்பில் எழுதினால் ஓர் இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் மாய நாவலைப் படித்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டில் நான்தான் ஆய்வுரை தர வேண்டும் என்றாய். நடுநிலையோடு சொல்கிறேன், நடை நன்று. அம்மா மேகத்தைப் பிழிந்து கொடியில் காயப்போடுவது அழகு. ஆனால் அந்த வீட்டில் ஒரே பிள்ளை. கதவு பேசுகிறது, குடை பேசுகிறது, அக்கா மட்டும் பிறக்கவே இல்லை. இது பொறாமை அல்ல, கட்டமைப்புக் குறை. அதுகூடப் பரவாயில்லை. வெள்ளத்தன்று அப்பா மகளைத் தோளில் வைத்துத் தண்ணீர்மேல் நடந்து பள்ளிக்குக் கொண்டுபோகிறாரே, அந்த மகள் நான். அப்பா நடந்தது இடுப்பளவுத் தண்ணீரில். நீ அன்று தொட்டிலில் கிடந்தாய். அப்பாவையே கேட்போம் என்று போனால், புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு, சின்னவளைத்தான் தூக்கிப் போனேன், பூ மாதிரி இருந்தாள் என்கிறார். வேளைக்கு மருந்து குடுக்கிறது நான், கஞ்சி வைக்கிறது நான், கிளினிக்குக்கு காடி ஓட்டுறது நான், பூ மாதிரி இருந்தது மட்டும் நீ.

நேற்று கிளினிக்குக்கும் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார். தாதி காமினியை ரத்த அழுத்தம் பார்க்க விடாமல் அவளிடம் முழுக் கதையையும் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, இந்த அக்காதான் அந்தப் பிள்ளையா என்று கேட்டாள். அப்பா முந்திக்கொண்டார்.

"இல்ல மிஸ்ஸி, இது மூத்தது. கதையில இல்ல."

காத்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து ஒரு சீனக் கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன்.

ஆகவே ஆய்வுரைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள். அப்பாவுக்கும் முட்டி வலி, வர இயலாது.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. நீ இன்னும் பல நூல்கள் எழுதிப் பேர் வாங்க அக்காவின் ஆசி. அதில் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
சந்திரிகா

பி.கு.: முட்டி வலி பொய். அப்பா இப்போதே வேட்டியைத் தேய்த்து மாட்டிவிட்டார். உரையும் எழுதிவிட்டேன், புகழ்ந்துதான். இரண்டாம் பாகம் எழுதுவாய் அல்லவா, அதில் என்னையும் சேர்த்துக்கொள். நல்லவளாகக் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு உன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தவளாக இருந்தால் போதும்.