நாற்பத்தேழு சதவீதத்துக்கு ஒரு மன்னிப்பு

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் இருக்கிறோம். உங்கள் அத்தை என்னோடு பேசாமல் சௌக்கியமாக இருக்கிறாள். அங்கே உங்கள் சௌக்கியத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாளாக நீங்கள் போனை எடுக்காததால் கூரியரில் வருகிறேன். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ரகசியத்தை வெளியே விட்டதாக நிரூபணமானால் வேலையே போய்விடும் என்று மகள் சொன்னாள். "அப்பா, நீங்க இனிமே எதுவும் செய்யாம இருந்தாலே போதும்" என்று போனை வைத்தும்விட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கம்பியில்லா பிராட்பேண்டுக்கான அலைக்கற்றையை யாருக்கு, எப்படி, என்ன விலைக்குக் கொடுக்கலாம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று நீங்கள் வேலை பார்க்கும் தொலைத்தொடர்பு ஆணையம் பேப்பரில் போட்டிருந்தது. நானும் பொதுமக்களில் ஒருவன்தானே? அதோடு துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன். ஒரு கப்பல் பேசும்போது இன்னொன்று குறுக்கே பேசக் கூடாது, பேச ஒன்றும் இல்லாதவன் சானலைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது, அங்கே அவ்வளவுதான் சட்டம். இங்கே என்ன நடக்கிறது? இந்த வட்டாரத்து அலைக்கற்றையை ஒரு கம்பெனி பத்து வருடத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறது, பெயருக்குக்கூட ஒரு கோபுரம் இல்லை. மகளோடு வீடியோவில் பேச உங்கள் அத்தை மூட்டுவலியோடு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறுகிறாள். பேத்தியின் நெற்றி வரும், கண் வரும், மூக்கு வருவதற்குள் படம் நின்றுவிடும். எனக்குக் கோபம் வந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆணையம் கேட்டிருந்தது மொத்தம் இருபத்தேழு கேள்விகள். தெரிந்ததற்கு மட்டும் எழுதினால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. படிவத்தில் காலிப் பெட்டி விட்டு எனக்குப் பழக்கமும் இல்லை. பெரிய பெரிய கம்பெனிகளே எட்டு, பத்து என்று நிறுத்திக்கொண்டார்களாம், இருபத்தேழுக்கும் எழுதியவன் நான் ஒருவன்தானாம். வாங்கி இரண்டு வருடத்தில் கோபுரம் போடாதவனிடமிருந்து அலைக்கற்றையைத் திரும்பப் பிடுங்க வேண்டும் என்று பதினொன்றாவதற்கு எழுதினேன். அது தப்பா? ஆள் குறைந்த வட்டாரத்துக்கும் நகரத்து விலையே வைத்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள் என்று பதினான்காவதற்கு எழுதினேன், அதுவும் தப்பில்லை. பத்தொன்பதில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். ஏலத்தின் தொடக்க விலையை எவ்வளவுக்கு இறக்கலாம் என்று கேட்டிருந்தார்கள்.

அப்போதுதான் நீங்கள் போன மாதம் இங்கே வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னது ஞாபகம் வந்தது. "இப்ப இருக்கிற விலையில நாப்பத்தேழு சதவீதம் வச்சா போதும் மாமா, எல்லா வட்டாரமும் வித்துடும். எங்க ஃபைல்லயே அப்படித்தான் இருக்கு. அடிமாட்டு விலைக்கு வித்துட்டான்னு பேர் வந்துடுமோன்னு மேல இருக்கிறவருக்குத்தான் பயம்" என்றீர்கள். நான் துண்டை நீட்டிக்கொண்டு கேட்டேன். 'ஏறக்குறைய பாதி' என்று எழுதித் தொலைத்திருக்கலாம். ஆனால் வந்த செய்தியை ஓர் எண் பிசகாமல் திருப்பிச் சொல்லித்தான் நான் முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கினேன். ஐம்பது என்று எழுதக் கை வரவில்லை.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதியவர் என்று சொல்லி விவாதக் கூட்டத்துக்கு என்னை முன்வரிசைக்கே கூப்பிட்டார்கள். பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பூட்டி வைத்த கம்பெனியின் வக்கீல் எழுந்தார். "ஐயா, ஆணையத்தோட ரகசிய ஃபைல்ல இருக்கிற நாப்பத்தேழு உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அவர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "அனுபவம்" என்றேன். நான் அதோடு தப்பித்திருப்பேன் மாப்பிள்ளை. ஆனால் வாசலில் கொடுத்த படிவத்தில் 'ஆணையத்தில் உறவினர் உண்டா' என்று ஒரு பெட்டி இருந்தது. உங்கள் பெயர், விலைப்பிரிவு, இன்டர்காம் நம்பர், எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர், உங்களை இப்படி நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே. விசாரணையில் தயங்காமல் என் தலையில் போடுங்கள். மாமனாருக்கு வயதாகிவிட்டது, வாய்க்கு வந்த எண்ணை எழுதுவார் என்று சொல்லுங்கள். நானே கணக்குப் போட்டேன் என்று நானும் சாதிப்பேன். கை கழுவிய விஷயம் நம் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துவிடுங்கள்.

மகளுக்கும், மூக்கை நான் இன்னும் பார்க்காத பேத்திக்கும் என் ஆசிகள். நீங்கள் அதே நாற்காலியில் நீண்ட காலம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் கவனித்தேன், எதிர்க்கருத்து அனுப்ப இன்று மாலை ஐந்து மணிவரை நேரம் இருந்தது. சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. என் பதிலுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை, நீங்கள் என்னை எழுதச் சொல்லவே இல்லை என்று ஒரு பக்கம் எழுதினேன். கீழே 'ஆதாரம் இருந்தால் இணைக்கவும்' என்று ஒரு பெட்டி காலியாக இருந்தது. நீங்கள் எழுதச் சொல்லவில்லை என்பதற்கு இந்தக் கடிதத்தைவிட நல்ல ஆதாரம் வேறு ஏது? நான்கு பக்கத்தையும் படம் பிடித்து, தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி அனுப்பினேன். என்ன அதிசயமோ, இன்றைக்கென்று ஒரே தடவையில் போய்விட்டது. நீங்கள் கிழிக்கச் சிரமப்பட வேண்டாம். இப்போதுதான் பார்த்தேன், ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டிருக்கிறார்கள், கையெழுத்தும் நன்றாக விழுந்திருக்கிறது.