இருபத்தேழாம் லைனில் குளித்தவர்

எடமலைப்பட்டி புதூர்,
14.6.1983

மரியாதைக்குரிய மணப்பாறை மச்சான் அற்புதசாமி அவர்களுக்கு, தைரியராஜ் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கு சுகம். அங்கு தாங்களும் அக்காவும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் என் மனைவி ரோசரியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

ரோசரி தங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து என் ஆபீசுக்குப் பேசியது உண்மை. ஒரு பெண் எடுத்ததும் உண்மை. பின்னால் தாளிக்கும் சத்தம் கேட்டதும் உண்மை. "சார் இருக்காரா?" என்று இவள் கேட்க, "சார் குளிச்சிட்டு இருக்காருங்க. தலை துவட்டினதும் சொல்றேன். நீங்க யாருங்க?" என்று அந்தப் பெண் கேட்டதும் உண்மை. குளித்தது நான் இல்லை. அது ஒன்றுதான் நான் சொல்ல வேண்டியது.

எங்கள் ஆபீஸ் டெலிஃபோன் போர்டில் ஆளுக்கொரு ஓட்டை உண்டு. அதில் ஒயரைச் சொருகினால் அவர் மேசையில் மணி அடிக்கும். யாருக்கும் கொடுக்காத ஓட்டைகளுக்குக் கீழே பெயர்ச் சீட்டு இருக்காது. என்னுடையது பதினேழு. அன்று ஆபரேட்டர் அமலராணி ஞானஸ்நான வீட்டுக்குப் போய்விட்டதால் வாட்ச்மேன் நல்லுசாமி போர்டில் உட்கார்ந்து, பதினேழுக்குப் பதில் இருபத்தேழில் சொருகிவிட்டார். இருபத்தேழுக்கு ஆளே கிடையாது. ஆளே இல்லாத லைனில் பெண் எப்படி வந்தாள்? மறுநாள் நானும் அமலராணியும் பெயரில்லாத ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம், ஒயரைச் சொருகி மணி அடித்துக் காதில் வைத்துக் கேட்டோம், பல செத்துக் கிடந்தன, ஒன்றில் கரகரவென்று இரைச்சல் மட்டும், இருபத்தேழில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, யாரும்மா பேசறது?"

"வேலம்மாளுங்க. கெஸ்ட் ஹவுஸ்லேருந்து."

ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் கெஸ்ட் ஹவுஸை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. லிஸ்டிலிருந்து நம்பரை நீக்கியவர்கள் ஒயரைக் கழற்றவில்லை, சமையற்கார அம்மாளையும் அனுப்பவில்லை.

"அங்க யாரும்மா இருக்கா?"

"சார் இருக்காருங்க. சாப்பிட்டுப் படுத்திருக்காரு."

அமலராணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போய்ப் பார்த்தேன். வாசலில் மேனேஜருடைய செருப்பு. உள்ளே லுங்கியோடு மேனேஜர்.

"தைரியராஜ், இருபத்தேழு யாருக்கும் கொடுக்காத நம்பர்தானே?"

"ஆமா சார்."

"அப்ப அதுல யாரும் பேசியிருக்க முடியாது. செக் பண்ணேன், லைன் செத்துக் கிடக்குன்னு எழுதிக் கொடுங்க."

"சார், அதனால என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு மணப்பாறை போயிட்டாங்க சார்."

லுங்கியை இறுக்கிக் கட்டினார். "நல்ல ஊரு. வரும்போது முறுக்கு வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன் மச்சான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் குடும்பம் போகும். வேலம்மாளுக்கு அறுபது வயசு இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னோடு பஸ் ஏறி வந்து, குளித்தது யார் என்று ரோசரியிடம் நேரில் சொல்லச் சம்மதித்திருக்கிறார். தயவுசெய்து கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஐந்து நாளாக நானே வடித்த சோற்றைச் சாப்பிடுகிறேன், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தங்கள் வீட்டில் சமாதானம் நிலைக்கட்டும், மிச்சமிருந்தால் இந்தப் பக்கமும் வரட்டும்.

தங்கள் அன்புள்ள,
தைரியராஜ்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் ரோசரி வந்து இறங்கிவிட்டாள். அந்தப் பெண்ணை நாலு கேள்வி கேட்கிறேன் என்று தங்களுக்குத் தெரியாமல் அங்கிருந்து ட்ரங்க் கால் போட்டிருக்கிறாள், மறுபடி நல்லுசாமி, மறுபடி இருபத்தேழு. எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். "பாவங்க அந்தம்மா, பேச்சுத் துணைக்கு ஆளே இல்ல" என்கிறாள். வந்த நாளிலிருந்து தினமும் பக்கத்து வீட்டிலிருந்து ஆபீசுக்குப் பேசுகிறாள், என்னிடம் அல்ல. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து இன்று ஒயரைக் கழற்ற மெக்கானிக் வந்தார். செத்த லைனை எதற்கய்யா கழற்ற வேண்டும் என்று கேட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.